சார்டிஸ்: காசுக்கு முத்திரை விழுந்த ஊர்

துருக்கியின் இஸ்மிர் நகரத்திலிருந்து கிழக்கே சுமார் 90 கிலோமீட்டர். வழி நெடுகத் திராட்சைத் தோட்டங்கள். ஆகஸ்ட் கடைசி என்பதால் பறித்த பழத்தைத் தரையில் விரிப்புப் போட்டுக் காயவைத்திருந்தார்கள். சாலிஹ்லி என்ற ஊருக்குச் சற்று முன்னால் எங்களை இறக்கிவிட்டார்கள். ஒரு டீக்கடை, இரண்டு டிராக்டர்கள், நெடுஞ்சாலையை ஒட்டியே வெள்ளைப் பளிங்குத் தூண்கள். கிராமத்தின் பெயர் சார்ட். பழைய பெயர் சார்டிஸ். பைபிள் வாசிப்பவர்களுக்கு 'சர்தை' என்று சொன்னால் தெரியும். அந்த வேதாகமக் காலத்துக்கும் ஏழு நூற்றாண்டு முன்னால் இது லிடியா நாட்டின் தலைநகரம். உலோகத் துண்டில் முத்திரை குத்தி, 'இது இவ்வளவு பெறும்' என்று சொல்லிப் புழக்கத்தில் விடும் வழக்கம், கி.மு. ஏழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், லிடியாவிலும் அதை ஒட்டிய கிரேக்கக் கடற்கரை ஊர்களிலும்தான் தொடங்கியது. அதைப் பார்க்கத்தான் வந்தோம்.

கூட வந்தவர் என் மச்சான். கோவையில் நகைப்பட்டறை வைத்திருப்பவர். பளிங்குத் தூண்களை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. "மாப்ளே, முதல்ல ஆத்தைக் காட்டுங்க" என்றார்.

ஆறு என்று சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. நாணலும் அரளியும் அடர்ந்த ஓடை. கோடையில் கணுக்கால் நனையும் அளவுக்குத்தான் தண்ணீர். இதுதான் பாக்டோலஸ். தெற்கே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் நிற்கும் போஸ்தாக் மலையிலிருந்து இறங்கி, ஊர் நடுவே ஓடி, வடக்கே கெடிஸ் ஆற்றில் கலக்கிறது. தொட்டதெல்லாம் பொன்னாகும் வரத்தைத் தொலைக்க மைதாஸ் அரசன் குளித்தது இந்த ஓடையில்தான் என்பது கிரேக்கக் கதை. மலைப்பாறை அரித்து வந்த பொன்துகள் ஒருகாலத்தில் இந்த மணலில் உண்மையாகவே கிடைத்தது. ஸ்ட்ராபோ என்ற புவியியலாளர் எழுதிய காலத்தில், அதாவது ஏறக்குறைய கிறிஸ்து பிறந்த காலத்தில், அது தீர்ந்துபோயிருந்தது. மச்சான் ஒரு கை மணலை அள்ளி உள்ளங்கையில் பரப்பினார். மினுமினுத்தது. "காக்காய்ப்பொன்" என்று சொல்லித் தண்ணீரிலேயே விட்டுவிட்டார்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆட்டைக் கொடுத்துத் துணி வாங்கினார்கள், அது சிரமமாக இருந்தது, அதனால் காசைக் கண்டுபிடித்தார்கள் என்றுதான் பள்ளிக்கூடத்தில் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நடந்தது அப்படியில்லை. லிடியர்களுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முந்திய பாபிலோனில் அபராதம், கூலி, கடன், வட்டி எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. பெரிய தொகைக்கு வெள்ளியைத் தராசில் நிறுத்தார்கள். சின்னதற்கு வாற்கோதுமையை அளந்தார்கள். ஹம்முராபியின் சட்டமே அபராதங்களை வெள்ளி எடையில் சொல்கிறது. நம் சங்ககாலத்து உமணர்கள் உப்பு வண்டியோடு வந்து நெல்லுக்கு மாற்றியதும் ஒழுங்கான விலை வழக்கத்தோடுதான். காசு இல்லாத சமூகம் கணக்குத் தெரியாமல் தவிக்கவில்லை. அப்படியிருந்தும் லிடியாவில் ஏன் முத்திரை குத்தத் தோன்றியது? விடை இந்த ஓடையில் கிடைத்த பொன்னிலேயே இருக்கிறது.

பாக்டோலஸ் தந்தது கலப்பில்லாத தங்கமல்ல. இயற்கையிலேயே வெள்ளி கலந்த வெளிர்மஞ்சள் பொன், எலெக்ட்ரம் என்பார்கள். எவ்வளவு வெள்ளி என்பது ஒவ்வொரு துகளுக்கும் மாறும். வெள்ளியைத் தராசில் நிறுத்தால் விலை தெரிந்துவிடும். எலெக்ட்ரத்தை நிறுத்தால் எடை மட்டும்தான் தெரியும். உரைகல்லை அந்தக் காலத்தில் 'லிடியக் கல்' என்றே அழைத்தார்கள். அது இந்த மலைப்பக்கத்து ஓடையில் கிடைத்த கல். ஆனால் உரைகல்லும் இதில் முழுதாக உதவாது என்றார் மச்சான். "நெறத்தை நம்புனா அவ்வளவுதான் மாப்ளே. வெள்ளி சேர்ந்தா தங்கம் வெளுத்துப்போகும். அதுல துளி செம்பைப் போட்டுட்டா மறுபடியும் செவப்பு ஏறிக்கும். உரசிப் பாக்கிறவன் ஏமாந்துருவான்."

அவர் சொன்னதை லிடியர்கள் செய்தே இருக்கிறார்கள். சிங்கத்தலை பதித்த அவர்களுடைய எலெக்ட்ரக் காசுகளைச் சோதித்தபோது ஏறத்தாழ 55 விழுக்காடு தங்கம், மிச்சம் பெரும்பாலும் வெள்ளி, ஓரிரு விழுக்காடு செம்பு என்று காசுக்குக் காசு ஒரே அளவாக வந்தது. ஆற்றுப்பொன்னில் தங்கத்தின் பங்கு இதைவிட நன்றாகவே கூடுதல். அப்படியானால் கைக்கு வந்ததை அப்படியே வெட்டிக் காசாக்கவில்லை. வேண்டுமென்றே வெள்ளி சேர்த்து, நிறம் குறையாமல் செம்பும் சேர்த்திருக்கிறார்கள்.

அந்தக் காசை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தின் 68-ஆம் அறையில் பார்த்திருக்கிறேன். வட்டமாகக்கூட இல்லை, அவரைக்கொட்டை வடிவத்தில் தடித்த ஒரு துண்டு. ஒரு பக்கம் வாயைப் பிளந்த சிங்கத்தின் தலை, நெற்றியில் கதிர் விடும் ஒரு புடைப்பு. பிடரிமயிர் கோடுகோடாகத் தெரிகிறது. திருப்பினால் உருவம் எதுவும் இல்லை. உளி முனையால் அடித்த இரண்டு சதுரப் பள்ளங்கள் மட்டும். அச்சுக்கட்டையைக் கீழே பதித்து, நிறுத்தெடுத்த பொன்துண்டை அதன்மேல் வைத்து, உளியைப் பிடித்துச் சம்மட்டியால் அடித்தால் இப்படித்தான் வரும். எடை 4.7 கிராம். முழுக்காசு 14 கிராமுக்குச் சற்று மேல்; இது அதில் மூன்றில் ஒன்று. அதிலிருந்து ஆறு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்று இறங்கிக்கொண்டே போய், தொண்ணூற்றாறில் ஒரு பங்கு வரை அடித்திருக்கிறார்கள். அந்தக் கடைசிக் காசு 0.15 கிராம், நம் பட்டறைக் கணக்கில் ஒரு குன்றிமணியைவிடக் கொஞ்சம் கூட. முழுச் சிங்கத்தலைக்கு இடம் போதாத சின்னக் காசுகள் சிலவற்றில் சிங்கத்தின் பாதத்தை மட்டும் பதித்தார்கள்.

இவ்வளவு சின்னதை எடைபோட்டு, மாற்றுப் பார்த்து வாங்கிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. சிங்கத்தைப் பார்த்தால் போதும், அரண்மனை இதே மதிப்புக்குத் திருப்பி வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி இருந்தால்தான் செல்லும். படைவீரனுக்குச் சம்பளம், அரண்மனைக்கு வரி, கோயிலுக்குக் காணிக்கை என்று அரசைச் சுற்றித்தான் காசு முதலில் ஓடியது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. இந்தக் காசுகள் மேற்கு அனத்தோலியாவைத் தாண்டி மிக அரிதாகவே கிடைக்கின்றன. அந்தச் சிங்கத்தின் சொல் எதுவரை எடுபட்டதோ அதுவரைதான் காசும் போனது.

இதன் மறுபக்கம் நம் ஊரிலேயே இருக்கிறது. 1898-இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 ரோமானியத் தங்கக்காசுகள் ஒரே இடத்தில் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலைக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருக்கிறது. அந்நிய அரசனின் முத்திரையை ரத்து செய்துவிட்டு, தங்கத்தைத் தங்கமாக எடைக்கு எடுத்துக்கொண்டார்கள் என்றே பலரும் விளக்குகிறார்கள்.

முதல் காசு எப்படி உருவானது என்பதைப் படிப்படியாகப் பார்க்க சார்டிஸ் போதாது. கிரேக்கக் கடற்கரை ஊர்களில் ஒன்றான எபேசுக்குப் போக வேண்டும். 1904, 1905-இல் பிரிட்டிஷ் மியூசியத்துக்காக ஹோகார்த் என்பவர் அங்கே ஆர்ட்டெமிஸ் கோயிலின் அடித்தளத்தைத் தோண்டியபோது தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட எலெக்ட்ரத் துண்டுகள் வந்தன. சில, எடை சரிபார்த்த வெறும் துண்டுகள். சிலவற்றில் ஒரு பக்கம் உளிக்குத்து. சிலவற்றில் கோடுகள் மட்டும். சிலவற்றில் சிங்கத்தலை. எல்லாம் ஒரே கோயிலுக்கு அடியில். எடைக்கட்டி காசாக மாறிய வழி முழுவதையும் அந்த ஒரு குவியலில் பார்த்துவிடலாம்.

சார்டிஸுக்குத் திரும்புவோம். ஓடையின் கிழக்குக் கரையோடு தெற்கே நடந்தால், இந்த ஊர் ஆர்ட்டெமிஸ் கோயிலுக்குப் போகும் சாலையோரம், இடுப்பளவு கற்சுவர்கள் நிற்கும் ஓர் அகழ்வாய்வுத் தளம் வருகிறது. அறிவிப்புப் பலகை இல்லாவிட்டால் தாண்டிப் போய்விடுவோம். ஹார்வர்டு, கார்னெல் பல்கலைக்கழகக் குழு 1968-இல் இங்கேதான் லிடியர்களின் பொன் சுத்திகரிப்புப் பட்டறையைக் கண்டது. நடுவே சிபெலி தாய்த்தெய்வத்தின் பலிபீடம். அதில் சிங்க உருவங்கள் கிடைத்தன. சுற்றிலும் உலைகள், தரையில் கிண்ணம் கிண்ணமாகக் குழிகள், உடைந்த மண்சட்டிகள், இலையைவிட மெல்லிய பொன்தகட்டுத் துணுக்குகள். காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு.

மச்சான் வெகுநேரம் நின்ற இடம் இதுதான். பலகையில் இருந்த படத்தைப் பார்த்தே வேலை முறையை எனக்கு விளக்கிவிட்டார். பொன்னை மெல்லிய தகடாக அடிப்பார்கள். மண்சட்டியில் ஓர் அடுக்கு உப்பும் செங்கல்பொடியும், ஓர் அடுக்குத் தகடு, மறுபடியும் உப்பும் பொடியும். வாயை மூடி, தங்கம் உருகாத சூட்டில் விடாமல் எரிக்க வேண்டும். உப்பு வெள்ளியை மட்டும் பிடித்து இழுத்துக்கொள்ளும். அது ஆவியாகிச் செங்கல்பொடியிலும் சட்டிச் சுவரிலும் இறங்கிவிடும். திறந்தால் தகடு சுத்தத் தங்கமாக நிற்கும். "எங்க தாத்தா இப்படித்தான் புடம் போட்டதா அப்பா சொல்லுவாங்க. இப்ப நாங்க திராவகத்துல போட்டுடறோம். பத்து நிமிஷ வேலை" என்றார்.

லிடியர்கள் வெள்ளியையும் விட்டுவிடவில்லை. அது ஊறிய பொடியையும் சட்டியோட்டையும் ஈயத்தோடு உருக்கினார்கள். பிறகு அந்த ஈயத்தைத் தரைக்குழியில் வைத்துத் துருத்தியால் காற்றடித்தால் ஈயம் கழிவாகிக் குழியில் இறங்கிவிடும். வெள்ளி உருண்டையாக மேலே நிற்கும். தரையில் இருந்த கிண்ணக் குழிகள் அதற்குத்தான். ஆண்ட்ரூ ராமேஜும் பால் கிராடக்கும் இந்தப் பட்டறையை ஆராய்ந்து 2000-இல் ஒரு நூலே வெளியிட்டார்கள். சட்டியோடுகளுக்குள் புகுந்திருந்த வெள்ளியை ஆய்வுக்கூடத்தில் கண்டதுதான் அவர்களுடைய முக்கியச் சான்று.

பொன்னையும் வெள்ளியையும் பிரிக்கத் தெரிந்த பிறகு எலெக்ட்ரத்துக்கு வேலையில்லை. லிடிய அரசன் அலியாட்டீஸின் மகன் குரோசஸ் காலத்தில் தங்கத்துக்குத் தனிக்காசு, வெள்ளிக்குத் தனிக்காசு வந்தது. இரண்டிலும் ஒரே முத்திரை: சிங்கமும் காளையும் முகத்துக்கு முகம். தங்கம் ஏறக்குறைய முழுச்சுத்தம். தங்கக்காசின் எடை 8 கிராமுக்குச் சற்று மேல், வெள்ளிக்காசு 10.7 கிராம். அக்காலத்தில் தங்கம் வெள்ளியைப் போலப் பதின்மூன்றே கால் மடங்குக்குச் சற்று மேல் விலை. பெருக்கிப் பார்த்தால் ஒரு தங்கக்காசுக்குப் பத்து வெள்ளிக்காசு என்று முழு எண்ணாக வருகிறது. இந்தக் கணக்கைப் போட்டவர் பெயர் எங்கும் பதிவாகவில்லை. இரண்டு உலோகத்தை ஒரே கணக்கில் பூட்டியது, என் பார்வையில், முதல் முத்திரைக்குச் சமமான பெரிய காரியம். 1922-இல் இதே சார்டிஸில் ஒரு சின்ன மண்குடுவையில் முப்பது குரோசஸ் தங்கக்காசுகள் கிடைத்தன.

சாலை முடிவில் ஆர்ட்டெமிஸ் கோயில். இரண்டு தூண்கள் முழு உயரத்துக்கு நிற்கின்றன; பின்னால் அரிந்த மண்மலை மாதிரிக் கோட்டைக்குன்று. கோயில் அலெக்சாண்டருக்குப் பிந்தியது, ஆனால் எனக்கு அங்கே முக்கியமாகப் பட்டது கட்டடம் அல்ல. இந்தக் கோயில் சுவரில் நெசிமாக்கஸ் என்ற நிலவுடைமையாளர் தன் கடன் பத்திரத்தையே பொறித்து வைத்திருந்தார். கோயில் பண்டாரத்திலிருந்து 1,325 தங்கக்காசு கடன். ஈடாக எழுதிக்கொடுத்தது கிராமங்களை. ஒவ்வொரு கிராமமும் ஆண்டுக்கு எத்தனை பொன் கட்டும் என்ற பட்டியல் அதில் இருக்கிறது. கூடவே மதுச்சாடிகளும் ஆள் உழைப்பும் வரியாகச் சேர்ந்திருக்கின்றன. சிங்கக்காசு அடித்து முந்நூறு ஆண்டு கடந்த பின்னும், காசு பிறந்த அதே மண்ணில், குடியானவர் பொன்னோடு சேர்த்துப் பொருளாகவும் உடலுழைப்பாகவும் கட்டிக்கொண்டிருந்தார்கள். பழையதைத் துடைத்துவிட்டுக் காசு வந்து உட்காரவில்லை.

பாரசீகத்திலும் இதே கதைதான். கி.மு. 547 வாக்கில் பாரசீக அரசர் சைரஸ் சார்டிஸைப் பிடித்தார். நெடுஞ்சாலைக்குத் தெற்கே 20 மீட்டர் பருமனுள்ள லிடியர் மண்கல் கோட்டைச்சுவர் வெட்டித் தெரிய வைத்திருக்கிறார்கள். அந்தப் போரில் எரிந்து சரிந்த இடிபாட்டில் ஒரு வீரனின் எலும்புக்கூடும் கிடைத்தது. அதே அழிவுப் படிவத்தில் சிங்கமும் காளையும் பதித்த காசுகளும் இருந்தன. அவை அங்கே இருந்ததால்தான், அந்தக் காசு பாரசீகர் வருமுன்பே அடிக்கப்பட்டதா என்ற நெடுநாள் வழக்கு தீர்ந்தது. வென்றவர்கள் அக்கசாலையை மூடவில்லை. அதே அச்சில் தொடர்ந்து அடித்தார்கள். வில்லேந்திய அரசன் உருவத்தோடு, பின்வந்த பாரசீக அரசர் டேரியஸின் சொந்தப் பொற்காசு வந்தது பிறகுதான். ஆனால் பேரரசின் நடுப்பகுதியான பெர்சிபோலிஸில், கி.மு. 500-ஐ ஒட்டிய களிமண் ஏடுகளின்படி, வேலையாட்களுக்குப் படி அளந்தது தானியமும் மதுவும் பீரும்தான். காசு மேற்குக் கரைக்கு. அங்கே கிரேக்கக் கூலிப்படை காசு கேட்டது.

கிரேக்க ஊர்களோ இதைப் பிடித்துக்கொண்டன. நூறாண்டுக்குள் ஏஜினாவில் ஆமை, ஏதென்ஸில் ஆந்தை என்று ஊருக்கொரு முத்திரை. அவர்கள் வெள்ளியில் பொடிக்காசுகள் அடித்த பிறகுதான் மீனும் எண்ணெயும் வாங்குபவர் கைக்குக் காசு நன்றாக வந்து சேர்ந்தது.

மாலையில் டாக்ஸி பிடித்து கெடிஸ் ஆற்றுக்கு வடக்கே பின்தேப்பே போனோம். சமவெளியில் நூற்றுக்கும் மேற்பட்ட மண்மேடுகள். எல்லாம் லிடியர் கல்லறைகள். பெரியது அலியாட்டீஸுடையது: குறுக்களவு 350 மீட்டருக்கு மேல், உயரம் 60 மீட்டருக்கு மேல். சந்தை வியாபாரிகளும் கைவினைஞர்களும் கணிகையரும் பொருள் தந்து எழுப்பிய மேடு இது, பெரும்பங்கு கணிகையருடையது என்று கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியிருக்கிறார். 2025 ஜூலையில் யுனெஸ்கோ சார்டிஸையும் இந்த மேடுகளையும் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் மேட்டின் மேல் ஏறிப் பார்த்தால் சுற்றிலும் எலிவளை மாதிரிப் பள்ளங்கள். மிகப் பெரும்பாலான கல்லறைகளைத் திருடர்கள் தோண்டிவிட்டார்கள். அலியாட்டீஸின் கல்லறைக்குள் 1853-இல் பிரஷ்யத் துணைத்தூதர் ஸ்பீகல்தால் சுரங்கம் வெட்டிப் புகுந்தபோதே உள்ளே முன்பே கொள்ளை போயிருந்தது. எபேசுக் காசு கோயிலுக்கு அடியில் கிடைத்ததால் அதன் முறைவரிசை தெரிந்தது; சார்டிஸ் காசு இடிபாட்டுக்குள் கிடைத்ததால் அதன் காலம் தெரிந்தது. இங்கிருந்து தோண்டி விற்ற பொருளுக்கு இடமும் இல்லை, காலமும் இல்லை. ஏலக்கடையில் விலை மட்டும் இருக்கிறது.

இதை நம் ஊரை நினைத்துத்தான் எழுதுகிறேன். கரூரில் அமராவதி ஆற்று மணலில் சேரர் காசும் ரோமானியக் காசும் கிடைத்துக்கொண்டிருக்கின்றன. கீழடியில் 2021-இல் ஒரு வெள்ளி முத்திரைக்காசு கிடைத்து, தோண்டிய குழியின் ஆழத்தோடு பதிவானது. ஆற்றிலோ வயலிலோ உங்கள் கையில் பழைய காசு ஒன்று அகப்பட்டால் புளி போட்டுத் தேய்க்காதீர்கள், நகைக்கடையில் உருக்கக் கொடுக்காதீர்கள். எடுத்த இடத்தைக் குறித்துவைத்து, மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும் அதைத்தான் கேட்கிறது; முறையாகத் தெரிவித்தவருக்கு உரிய பங்கும் அந்தச் சட்டத்திலேயே உண்டு.